மேல் சல்லடையில் நின்றது

கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா தம்பி. இல்ல, பையை மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். நீங்களும் ஓசூரா? நல்லது. கிருஷ்ணகிரிலேர்ந்து ஓசூருக்கு ஒரு மணி நேரம்னு கண்டக்டர் கத்தறான் பாருங்க. இந்த ரூட்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒரு தடவைகூட ஒரு மணி நேரத்துல போய் இறங்கினதில்ல. சராசரின்னு பார்த்தா அவன் சொல்றது சரியா இருக்கலாம். சரி, சராசரியைப் பத்திப் பேச எனக்கு வாய் இல்லை.

நீங்க மருந்து கம்பெனி ரெப்பா? பையைப் பார்த்தேன். அப்ப பொறுமையா உக்காந்து கேக்கற பழக்கம் இருக்கும். நானும் டாக்டர்தான். பயப்படாதீங்க, ஊசி போடற டாக்டர் இல்ல. தணிகாசலம்னு பேரு. கம்பெனில கணக்கு சார்ம்பாங்க. கம்பெனி பேரு வேண்டாம், சிப்காட்ல ஒரு கம்பெனின்னு வெச்சுக்குங்க. போன மாசம் ரிட்டையர் ஆனேன். மாலை போட்டு, கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க.

என்ன கணக்குன்னு கேக்கறீங்களா? யாரும் கேக்க மாட்டாங்க. என் சம்சாரமே கேட்டதில்ல. அங்க செம்பைப் பொடியாக்குவாங்க. உலையில உருக்கின செம்பை மேலேர்ந்து நூல் மாதிரி ஊத்துவாங்க. சுத்தி நாலு பக்கத்துலேர்ந்தும் நைட்ரஜன் வாயு சீறிக்கிட்டு வந்து அதை அடிக்கும். அடிச்ச அடியில நூல் சிதறி லட்சக்கணக்கான துளியாகும். கீழ ஒரு பெரிய இரும்புக் கோபுரம். அதுக்குள்ள விழுந்துகிட்டே துளி ஆறணும், உறையணும், அடியில பொடியா சேரணும். மொத்தமும் அரை நொடிக்குள்ள முடிஞ்சிடும்.

துளி எந்த இடத்துல உறையுதுன்னு யாருக்குத் தெரியும்? உள்ள எட்டிப் பார்க்க முடியுமா? அதுக்குத்தான் நான். அந்த அரை நொடியை ஆயிரமாயிரம் துண்டா வெட்டுவேன். ஒவ்வொரு துண்டுலயும் துளி எவ்வளவு வேகம், வாயு எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு வெளிய போச்சு, மேல்தோல் கட்டிக்கிச்சா, உள்ள இன்னும் குழம்பா இருக்கா. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் போட்டு ஓட்டுவேன். பதினஞ்சு வருஷம் ஓட்டினேன். செம்புல ஆரம்பிச்சு தகரம், வெண்கலம் வரைக்கும் போயாச்சு.

சின்னத் துளி சட்டுனு உறைஞ்சிடும், பெருசு உறையாது. நம்ம வீட்டுல சின்ன இட்லி சீக்கிரம் ஆறிடுதில்ல, குண்டு இட்லி உள்ள சுடுதில்ல, அதேதான். இதுக்கு டாக்டர் பட்டம் வேணுமான்னு சவரி கேப்பான்.

சவரி யாருன்னு சொல்லலியே. சவரியப்பன். கோபுரத்துல ஆப்பரேட்டர். ஊரு எலத்தகிரி. இப்ப அவன் வீட்டுலேர்ந்துதான் வர்றேன்.

பதினொரு வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணா மதியம் சாப்பிட்டோம். கேன்டீன்ல கடைசி மேஜை. அவன் களியும் கீரைக்குழம்பும் கொண்டு வருவான், நான் தயிர்சாதம். நான் அவனை வா போன்னுதான் கூப்பிடுவேன், அவன் என்னை சார்ம்பான். அது வயசு வித்தியாசத்துக்காக இல்ல, ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல பொறந்தவங்க. அப்படியே பழகிடுச்சு.

நல்லாக் கிண்டல் பண்ணுவான். "சார், உங்க கம்ப்யூட்டர் துளியெல்லாம் கான்வென்ட் பிள்ளைங்க. ஒரே யூனிஃபார்ம், ஒரே அளவு. எங்க துளியெல்லாம் ரவுடிப் பயலுங்க. ஒருநாள் கீழ வந்து பாருங்க"ம்பான். வர்றேன் வர்றேன்னு சொல்வேன். எனக்கு மேல வேலை சரியா இருக்கும். ஏசி ரூமை விட்டுட்டு அந்த இரைச்சலுக்குள்ள போய் என்ன பண்றது?

என் கணக்குப்படி மூணரை மீட்டர் விழுந்தாச்சுன்னா எந்தத் துளியும் திரவமா இருக்காது. உறைஞ்சு மணல் மாதிரி ஆயிடும். ஓட்டம் நடக்கும்போதே மாதிரி எடுத்துப் பார்க்கணும்னு கம்பெனில கேட்டாங்க. நாலு மீட்டர்ல ஒரு சின்ன சன்னல் வெட்டுங்கன்னு சொன்னேன். பாதுகாப்புக்கு அரை மீட்டர் நானாவே சேர்த்தேன். அதை எழுதிக் குடுத்திருக்கேன், ஃபைல்ல இருக்கு. சவரி இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தச் சன்னலைத் திறந்து, நீளக் காம்புக் கரண்டியை விட்டு ஒரு கரண்டி பொடி எடுக்கணும். முகத்துக்குப் பிளாஸ்டிக் ஷீல்டு உண்டு. தூக்கிவிடலாம், இறக்கிவிடலாம், அந்த மாதிரி.

சன்னல் வெட்டின வாரம் சாப்பிடும்போது கேட்டான். "சார், கப்பியையும் கணக்குல சேர்த்துக்கிட்டீங்களா?" கப்பின்னா தெரியுமில்ல, மாவு சலிச்சா மேல நிக்குமே, அது. பொடியை அஞ்சு சல்லடை அடுக்கிச் சலிப்பாங்க. மேல் சல்லடையில நிக்கற பெரிய மணிக்கு அங்க கப்பின்னுதான் பேரு. "எல்லாம் டேட்டாவுல இருக்கும் சவரி, சாப்பிடு"ன்னேன். சரி சார்னு சாப்பிட்டான்.

எனக்கு அந்த டேட்டா காகிதத்துல வரும். முதல் சல்லடையில இத்தனை சதவீதம், ரெண்டாவதுல இத்தனைன்னு. கூட்டினா சரியா நூறு வரும். எப்பவும் நூறு வரும் தம்பி. எனக்கு அதுல ஒரு பெருமைகூட. நம்ம ஆளுங்க எவ்வளவு சுத்தமா எடை போடறாங்கன்னு.

மார்ச் மாசம், வியாழக்கிழமை. பதினொண்ணு இருபதுக்கு அலாரம் அடிச்சது. நான் மேல கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு ஓட்டிக்கிட்டிருந்தேன். நிறுத்தினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சேமிச்சுட்டு இறங்கி வர்றதுக்குள்ள அவனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. சன்னலைத் திறந்ததும் ஒரு செம்பு மணி வெளிய பாய்ஞ்சு கண்ணுல பட்டுடுச்சுன்னாங்க. வலது கண்ணு. யாரோ அவன் ஷீல்டைப் பிடுங்கிக் கீழ எறிஞ்சிருக்காங்க, சாயந்திரம் கூட்டும்போது அது குப்பையோட போயிடுச்சு. அந்த ஷீல்டு இருந்திருந்தா எல்லாம் வேற மாதிரி ஆயிருக்கும். அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னுதான் இருந்தேன். ஓசூர்லதான் சேர்த்திருந்தாங்க, வீட்டுலேர்ந்து நடந்தே போகலாம். ஆனா மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு, நாலு மீட்டர்ல துளி உறைஞ்சிருக்குமா இல்லையா, சந்தேகமில்லாம நிரூபிச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டார். நல்லா கவனிங்க, அதுவும் சவரிக்கான வேலைதானே? உக்காந்து ராவா பகலா ஓட்டினேன். வாயு வேகத்தைக் கூட்டி ஓட்டினேன், குறைச்சு ஓட்டினேன். எப்படி ஓட்டினாலும் மூணரை மீட்டர்ல உறைஞ்சிடுது.

ஏப்ரல்ல விசாரணை. மூணு பேரு உக்காந்திருந்தாங்க. என்கிட்ட கேட்டது மூணே கேள்வி. நாலு மீட்டர்ல துளி திரவமா இருக்குமா? இருக்காதுன்னேன். உறைஞ்ச மணி அந்த பிளாஸ்டிக் ஷீல்டைத் துளைக்குமா? துளைக்காது, பட்டுத் தெறிச்சிடும்னேன். அப்ப எப்படிக் கண்ணுல பட்டுச்சுன்னு கேட்டாங்க. அப்ப ஷீல்டைத் தூக்கிவிட்டிருக்கணும்னேன். அவ்வளவுதான். நான் பொய் சொல்லலை தம்பி. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அது என் வாய் சொன்னதில்ல, கணக்கு சொன்னது.

சவரி எதிர்லதான் உக்காந்திருந்தான், பாதி முகத்துக்குக் கட்டு. "ஷீல்டு போட்டிருந்தேன் சார், இறக்கித்தான் விட்டிருந்தேன்"னான். விசாரணைக்காரங்களைப் பார்த்துச் சொல்லலை, என்னைப் பார்த்துச் சொன்னான். நான் பேப்பரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு கையால சட்டைப்பையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். நெஞ்சுவலியோன்னு நினைச்சேன். கேட்டிருக்கலாம்.

அதுக்கப்புறம் என்கூடப் பேசலை. ஒரு போன் இல்ல, ஒரு வார்த்தை இல்ல. பதினொரு வருஷம் ஒரே மேஜையில சாப்பிட்டவன். எனக்கு அது பெரிய வருத்தம். ஷீல்டைத் தூக்கினா தூக்கினேன்னு ஒத்துக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்? வெயில் காலம், வேர்த்திருக்கும், மனுஷன்தானே. இப்படித்தான் அப்ப நினைச்சுக்கிட்டிருந்தேன்.

டோல்கேட்டா இது? ஆமா, வரிசை எங்கேயோ நிக்குது. இருக்கட்டும்.

ஜூன்ல ஒரு நாள் சல்லடைக் காகிதம் ஒண்ணு மங்கலா வந்திருந்தது. எண்ணு புரியலை. யாரையும் அனுப்பாம நானே கீழ சல்லடைக் கொட்டகைக்குப் போனேன். பதினொரு வருஷத்துல முதல் தடவை. சின்னப்பாப்பான்னு ஒரு அம்மா சலிச்சுக்கிட்டிருந்தாங்க. அஞ்சு சல்லடையும் குலுக்கி இறக்கினாங்க. மேல் சல்லடையை எடுத்தாங்க, அதுல நின்னதை ஒரு வாளியில கொட்டினாங்க. மீதி நாலையும் எடை போட்டாங்க. எழுதினாங்க.

"அதை எடை போடலையாம்மா?"ன்னேன்.

"கப்பியை எதுக்கு சார் எடை போடணும்? அது நம்ம சரக்கா? திரும்ப உலைக்குத்தான போவுது. நான் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்."

வாளிக்குள்ள கையை விட்டேன். கம்பு தெரியுமில்ல, கம்பு தானியம், அந்த அளவு மணி. ரெண்டு மில்லிமீட்டர், ரெண்டரை மில்லிமீட்டர். என் கணக்குல இருந்த பெரிய துளி எவ்வளவு தெரியுமா? கால் மில்லிமீட்டர். அஞ்சு சல்லடையில ஒண்ணை முதல்லயே கொட்டிட்டு மீதியை மட்டும் வெச்சு சதவீதம் போட்டா நூறு வராம என்ன வரும்? மூணாவது படிக்கற பிள்ளைக்குத் தெரியும்.

மேல வந்து ரெண்டரை மில்லிமீட்டர் துளியைப் போட்டு ஓட்டினேன். நாலு மீட்டர்ல திரவம். அஞ்சு மீட்டர்ல திரவம். கோபுரத்தோட அடிக்கே வந்தாச்சு, அப்பவும் உள்ள கஞ்சியாத்தான் இருந்தது. அப்படி ஒரு துளி ஷீல்டுல பட்டா தெறிக்காது தம்பி. ஒட்டும். ஒட்டி, உருக்கிக்கிட்டு உள்ள போகும்.

உடனே போய்ச் சொல்லலையான்னுதானே பாக்கறீங்க? எப்படிச் சொல்றது? ஒரே ஒரு ஓட்டத்தை வெச்சுக்கிட்டு? இன்னும் மூணு நாலு அளவுக்கு ஓட்டிச் சரிபார்க்கணும். ஒரு தடவை சொன்னதை மாத்திச் சொன்னா மாடலையே நம்ப மாட்டாங்க. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதும்பாங்க. ஆனா சும்மா இருந்துடலை. அந்தச் சன்னலை மூடவெச்சேன். திறந்தா காத்து புகுந்து பொடி கெட்டுப்போகுதுன்னு ஒரு குறிப்பு எழுதினேன். மறுவாரமே வெல்டு வெச்சு மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

கட்டுரையும் எழுதினேன். வெளிநாட்டுப் பத்திரிகையில வந்தது. சல்லடைக் கணக்குல பெரிய துளி விடுபட்டா உறையற தூரம் எப்படித் தப்பாப் போகும்னு, மறைக்காம, படம் போட்டு எழுதியிருக்கேன். உலகத்துல யார் வேணும்னாலும் படிக்கலாம். ஒரு மனுஷன் தன் தப்பை இதுக்கு மேல எப்படி ஒத்துக்கறது?

ஆனா சவரிக்கு அந்தப் பத்திரிகை எங்க போகப்போகுது? அதான் ரிட்டையர் ஆன கையோட, கட்டுரையைக் காப்பி எடுத்து, நல்ல அட்டை போட்டு, நேர்லயே குடுத்துடலாம்னு கிளம்பினேன். நாலு வருஷம் ஆச்சு. காலையில பஸ் ஏறும்போது சந்தோஷமாக்கூட இருந்தது, உங்களுக்குச் சிரிப்பா இருக்கும்.

வாசல்ல மாட்டுக்குத் தண்ணி வெச்சுக்கிட்டிருந்தான். ஆள் இளைச்சுட்டான். விசாரணை ரிப்போர்ட்ல "ஆப்பரேட்டரின் கவனக்குறைவு"ன்னு எழுதி வேலையை விட்டு எடுத்ததால வேற எந்தக் கம்பெனிலயும் சேர்த்துக்கலையாம். மாம்பழ சீசன்ல மட்டும் கூழ் ஃபேக்டரி கேட்ல உக்கார்றானாம். என்னைப் பார்த்ததும் வாளியை வெச்சுட்டு, "வாங்க சார்"னான். அவ்வளவு சாதாரணமா. அவன் சம்சாரம் லூர்து கூடத்துல நாற்காலி எடுத்துப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

கட்டுரையைக் குடுத்தேன். "சவரி, நீ சொன்னது சரி. கப்பிதான். இதுல எழுதியிருக்கேன்"னேன். வாங்கிப் பார்த்தான். இங்கிலீஷ். மகளைக் கூப்பிட்டான். ஜெசிந்தான்னு பேரு, காலேஜ்ல பிசிக்ஸ் படிக்குது. அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே பக்கம் பக்கமாத் திருப்பிச்சு. நான் அது படத்தைத்தான் பார்க்கும்னு நினைச்சேன். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து அடியில பொடி எழுத்துல இருக்கறதைப் படிக்குது. அங்க கட்டுரை பத்திரிகைக்குக் கிடைச்ச தேதி போடுவாங்க.

"ஜூலை பதினொண்ணுன்னு போட்டிருக்கு சார்"னுச்சு.

"ஆமாம்மா, அது அவங்களுக்குக் கிடைச்ச தேதி. அச்சுல வர ஒரு வருஷம் ஆகும்"னு விளக்கம் சொன்னேன்.

"அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்தது அதே வருஷம் செப்டம்பர்ல சார்."

சரிபார்க்க வேண்டியிருந்ததும்மான்னேன். "பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே சரிபார்த்துட்டீங்கல்ல சார்?"னு கேட்டுது. கோபமாக்கூடக் கேக்கலை, பாடத்துல சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டுது. மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்தது. அந்த நாலு தாளும் அது கையில படபடன்னு அடிச்சுக்குது. அந்தக் காகிதத்தை நானேதான் அட்டை போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன் தம்பி.

சவரிதான், "விடும்மா. சார் சாப்பிட்டுட்டுப் போகட்டும். அம்மாவை இலை போடச் சொல்லு"ன்னான். களியும் கீரைக்குழம்பும். சாப்பிட்டேன். எதிர்ல உக்காந்து அவனும் சாப்பிட்டான். குழம்பு எடுக்கும்போது கரண்டி ரெண்டு தடவை பாத்திரத்தைத் தாண்டிப் போச்சு. ஒத்தைக் கண்ணுக்குத் தூரம் சரியாத் தெரியாதாம். பழகிடும் சார்னு என்னைச் சமாதானப்படுத்தறான்.

கிளம்பும்போது உள்ள போய் இதை எடுத்துட்டு வந்தான். இருங்க, பைக்குள்ள இருக்கு, காட்டறேன். பஸ் ஆடுது, மெதுவாப் பிடிங்க. கண்ணுக்கு ஊத்தற மருந்து பாட்டில்தான், காலியானது. உள்ள பாருங்க. ஆபரேஷன்ல அவன் கண்ணுலேர்ந்து எடுத்தது. டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி வெச்சிருக்கான்.

உருண்டையாவா இருக்கு? இல்ல. பொட்டு மாதிரி தட்டையா இருக்கு. உறைஞ்ச துளி எதுல பட்டாலும் உருண்டையாத்தான் இருக்கும். தட்டையாச்சுன்னா படும்போது திரவம்னு அர்த்தம். திருப்பிப் பாருங்க. பின்னால கறுப்பா ஒட்டியிருக்கில்ல? அது பிளாஸ்டிக். உருகின பிளாஸ்டிக். அவன் ஷீல்டு குப்பைக்குப் போச்சுன்னு சொன்னேனே, எல்லாம் போகலை. இவ்வளவு இருந்திருக்கு.

"இதை அப்பவே விசாரணையில காட்டியிருக்கலாமே சவரி"ன்னேன்.

"காட்டத்தான் பையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பேசி முடிச்சப்புறம் யார்கிட்ட சார் காட்டறது? உங்களுக்குத்தானே இது என்னன்னு தெரியும்"னான்.

இனி என்ன பண்ணப் போறேன்னு கேக்கறீங்களா? எழுதணும் தம்பி. கம்பெனிக்கு எழுதணும், விசாரணை பண்ணினவங்களுக்கு எழுதணும். மொதல்ல இதை எடை போட்டு, கனம் அளந்து, எந்த அளவுத் துளின்னு கணக்கு... ஏன் அப்படிப் பாக்கறீங்க? சரி. அவனும் அதைத்தான் சொன்னான். நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எத்தனை மில்லிமீட்டர்னு பார்க்க ஆரம்பிச்சதும், "அளக்க வேணாம் சார், சும்மா பாருங்க"ன்னான்.

இன்னொண்ணும் சொன்னான். அதை உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நினைச்சேன்.

ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு நாள் இந்த பாட்டிலைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தானாம். கூட்டறவங்க எடுத்து எறியப் போனா, வேணாம்மா, எங்க கணக்கு சார் வருவாரு, அவரு பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாருன்னு தடுப்பானாம். தினம் சாயந்திரம் பார்வையாளர் நேரத்துக்கு லூர்து அதைத் துடைச்சு வைப்பாங்களாம்.

நடந்தே போற தூரம்னு சொன்னேன்ல. அந்த இருபத்திரண்டு நாளும் நான் மேல உக்காந்து துளி உறைஞ்சிடுச்சுன்னு நிரூபிச்சுக்கிட்டிருந்தேன் தம்பி.